இடம் விடாமல் நிரப்பிய செம்பு

சர்க்யூட் போர்டு வரையப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்னால் ஒரே ஒரு யோசனைதான் சொல்ல முடியும். எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு ஆரம்பியுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். சங்கரன்கோவிலில் பதினெட்டு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவளுக்கு, உள்ளங்கை அகலப் பலகையில் நாலு கோடு இழுக்கத் தெரியாதா என்ன? மின்சாரம் எந்த வழியாகப் போகும், எந்த வழியாகத் திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். அதுதான் என் சுபாவம் என்று ஊருக்கே தெரியும்.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் இடது கால். போன சித்திரையில் தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், பிளேட் வைத்து ஸ்குரூ முடுக்கி, தையல் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்குள்ளே கம்பு ஊன்றி நடக்கலாம், ஆனால் மேடு பள்ளத்தில் ஆறு மாதத்துக்குக் கால் வைக்கவே கூடாது என்றார் டாக்டர். எலும்பு கூடுவதற்குள் ஸ்குரூ இளகிவிட்டால் திரும்பவும் கிழிக்க வேண்டியிருக்கும், இரண்டாவது தடவைக்குப் பிறகு பழைய நடை வருமென்று என்னால் சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "புரிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

எங்கள் தோட்டம் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம். கொஞ்சம் பிச்சிப்பூ, மீதி மக்காச்சோளம். பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் நடந்தால்தான் கிணறு. கிணற்றில் இரண்டு மணி நேரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். பகலில் த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் ஒருவர் போய் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும். கரண்டு வந்ததும் தானாக ஓடட்டும் என்று விட்டால், தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் வெறுமனே சுற்றிக் காயில் எரிந்துபோகும். ஆக, அந்த இரண்டு பட்டனுக்காக ஒரு மனிதர் தினமும் வரப்பு மிதித்தாக வேண்டும்.

அவர் விழுந்த பிறகு பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். நல்ல மனுஷன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் யாராவது எனக்கு உதவி செய்தால் உடம்பெல்லாம் அரிக்கும் எனக்கு. பள்ளிக்கூடம் மே மாதம் பூட்டியதும், போனில் கூப்பிட்டால் மோட்டாரைப் போடுகிற பெட்டி ஒன்றை நானே செய்வது என்று முடிவு கட்டினேன். கடையில் விற்கிறதே என்றார் வீட்டுக்காரர். கடையில் விற்பதை எவனோ ஒருவன் செய்துதானே வைத்திருக்கிறான், அவன் என்னைவிடப் பெரிய ஆளா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாத இடமெல்லாம் எனக்கு ஒப்புதல் கிடைத்த இடம் என்றுதான் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வைத்திருந்தேன்.

முதல் பலகையை வீட்டிலேயே செய்தேன். ஒரு பக்கம் முழுக்கச் செம்புத் தகடு ஒட்டின பலகை. வேண்டிய கோடுகளை மட்டும் மையால் மூடிவிட்டு, மீதிச் செம்பைக் கரைசலில் போட்டுக் கரைக்க வேண்டும். அந்தக் கரைசல் பட்டு அடுப்பங்கரை மேடையில் விழுந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. பலகை பார்க்கச் சகிக்காது. வெறும் பலகையில் கோணல்மாணலாக நாலைந்து செம்புக் கோடு, ஓரத்தில் சிம் கார்டு போடுகிற சின்ன மாட்யூல், அதன் முனையில் பேனா ஸ்பிரிங் போல ஒரு சுருள். அந்தச் சுருள்தான் ஆன்டெனா, செல்போன் டவரோடு பேசுகிற காது. வீட்டுக்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டால், பெட்டி அவர் நம்பரைப் பார்த்து அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரைப் போடும். இரண்டு மணி நேரத்தில் தானே நிறுத்தும். அவர் ஒருவர் நம்பருக்கு மட்டும்தான் கீழ்ப்படியும். என் நம்பரையும் சேர்க்க இன்னும் பத்து வரி எழுத வேண்டும், அதற்கு எனக்குச் சோம்பல்.

அந்த அசிங்கம் பிடித்த பலகை கிணற்றடியில் முதல் ரிங்கிலேயே எடுத்தது. மறுநாளும் எடுத்தது. ஒரு மாதம் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. முதல் ரிங்கில் எடுத்த அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் போட்டு, இனிமேல் நீங்கள் எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம், எங்களிடம் மெஷின் இருக்கிறது என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டேன். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவிடுவேனா நான்?

வீடியோக்கள் பார்த்தேன். போர்டு வரைவதைக் கற்றுக்கொடுக்க இந்த உலகத்தில் எத்தனை புண்ணியவான்கள் இருக்கிறார்கள் தெரியுமா? எல்லாரும் ஒரே குரலில் ஒன்று சொன்னார்கள். கோடுகளுக்கு நடுவே சும்மா கிடக்கிற இடத்தையெல்லாம் செம்பால் நிரப்பி, அதைக் கிரவுண்டோடு சேர்த்துவிடு. கிரவுண்ட் என்றால் பலகைக்குள்ளே பூச்சிய வோல்ட், எல்லா மின்சாரமும் கடைசியில் திரும்பி வருகிற இடம். அதை அகலமாக வைத்தால் இரைச்சல் குறையும், சூடு பரவும், வீட்டில் செய்கிறவர்களுக்குக் கரைக்க வேண்டிய செம்பும் குறைவு. இதில் ஒன்றும் பொய் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், பலகை முழுக்க ஒரே நொடியில் சிவப்பாக நிரம்பிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. நாலு கோணல் கோடு போட்டவள் ஒரு தட்டில் கம்பெனி இன்ஜினியர் ஆகிவிட்டேன்.

பிறகு கை நிற்குமா? மேல்பக்கம் நிரப்பினேன். கீழ்ப்பக்கம் நிரப்பினேன். மூலையில் நகக்கண் அளவு காலியிடம் தெரிந்தால்கூட எனக்குப் பொறுக்கவில்லை, கோட்டை நகர்த்தி அங்கேயும் செம்பைப் பாய்ச்சினேன். மாட்யூல் செய்த கம்பெனி கொடுத்த தாளில் ஆன்டெனாவைச் சுற்றிக் குறுக்குக்கோடு போட்ட ஒரு கட்டம் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இணையத்தில் புதியவர்கள் சந்தேகம் கேட்கிற ஒரு குழுவில் என் படத்தைப் போட்டேன். சந்தேகம் கேட்க இல்லை, பாராட்டு வாங்க. யாரோ ஒருவர், முகம் தெரியாதவர், ஆன்டெனாவுக்குக் கீழேயும் பக்கத்திலேயும் செம்பு இருக்கக் கூடாது, அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுங்கள் என்று ஒற்றை வரி எழுதினார். நான் அவருக்கு மின்காந்த அலை என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்துப் பன்னிரண்டு வரி எழுதினேன். கடைசியில் என் அனுபவம் எத்தனை வருடம் என்பதையும் சேர்த்தேன். அவர் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு நல்ல சந்தோஷம்.

வீட்டுக்காரர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, பழசே இருக்கட்டுமே. கூப்பிட்ட ஒடனே எடுக்குதுல்லா."

"அது எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க எக்ஸிபிஷனுக்குச் செஞ்சது மாதிரி இருக்கு. நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?"

"மோட்டார் ரூமுக்குள்ள பல்லிதான் பாக்கும்."

"உங்களுக்கு இதெல்லாம் சொன்னா வெளங்காது. சும்மா இருங்க."

சும்மா இருந்தார்.

வெளியூர்க் கம்பெனியில் கொடுத்துச் செய்யச்சொன்னேன். குறைந்தது ஐந்து பலகை வாங்க வேண்டும் என்றார்கள். ஐந்தும் பச்சைப்பசேல் என்று, வெள்ளை எழுத்தோடு, கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்து இறங்கின. பழைய பலகையிலிருந்து மாட்யூலையும் சுருளையும் பிடுங்கிப் புதியதில் பொருத்த உட்கார்ந்தேன். ஈயம் ஒட்டவே மாட்டேன் என்றது. உருகுகிறது, உருண்டு நிற்கிறது, ஒட்டவில்லை. ஈயத்தை உருக்குகிற சூட்டுக்கோலை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய், டூப்ளிகேட் தந்துவிட்டீர்கள் என்று நாலு பேர் முன்னால் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். வாய் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். அதுவும் ஒட்டவில்லை. மறுபடி போய்ச் சத்தம் போட்டேன். மறுபடி மாற்றினார். மூன்றாவது தடவை மட்டும் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கிரவுண்டு காலெல்லாம் அப்படியே செம்புல மொத்தமா சேந்து கெடக்கு. சூட்டையெல்லாம் அதுவே குடிச்சிருதோ என்னமோ" என்றார். செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். அதை எனக்கே ஒருவர் சொல்கிறார். பெரிய சூட்டுக்கோலாக ஒன்று வாங்கிக்கொண்டு, அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் வந்தேன்.

ஒரு வழியாகப் பொருத்தினேன். வீட்டில் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தால் கணீர் என்று எடுத்தது. எடுக்காமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டு மாடியில் நின்றால் டவர் கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் தோட்டத்துக்குப் போய்ப் பெட்டியை மாட்டிவிட்டு, வீட்டில் இருந்தவரைக் கூப்பிடச் சொன்னேன். முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. டவர் சரியில்லை என்றேன். மூன்றாவது தடவை எடுத்தது, மோட்டார் ஓடியது. மூன்றுக்கு ஒன்று. என் மாணவன் அந்த மார்க் எடுத்தால் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வேன்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன்.

"ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"எத்தனாவது ரிங்குல?"

"மொத ரிங்குலயே."

நான் ஏதோ பரீட்சை பாஸ் ஆன மாதிரி காப்பி போடப் போவேன். அவர் கட்டிலில்தான் இருப்பார், காலுக்கு அடியில் தலையணை இருக்கும். ஒருநாள் வேட்டிக் கரையில் செம்மண் ஒட்டியிருந்தது. வாசல்வரை போனேன் என்றார். எங்கள் வாசலில் சிமெண்ட் போட்டு ஏழு வருடம் ஆகிறது. நான் அதைக் காதில் வாங்கவில்லை, ஏனென்றால் அப்போது ஆசிரியர் அறையில் என் பெட்டியைப் பற்றிக் கணக்கு டீச்சர் என்ன சொன்னார் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீதி நாலு பலகை சும்மா கிடந்தது. அதையும் பெட்டியாக்கி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. முதலில் அண்ணாச்சிக்கு. அவருக்குப் பட்ட நன்றிக்கடன் அதோடு தீர்ந்த மாதிரியும் இருக்கும், ஊரில் பேரும் பரவும். அவருடைய மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். ஆவணியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரை வராண்டாவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எங்களுக்கு எதுக்கு டீச்சர் பெட்டி? அண்ணாச்சிதான் தெனமும் வாராகளே."

"எந்த அண்ணாச்சி?"

"உங்க வீட்டு அண்ணாச்சிதான். பன்னெண்டு மணி பஸ்ஸுல வந்து எறங்குதாக. உங்க மோட்டாரப் போட்டுட்டு எங்க மோட்டாரையும் அவுகளே போட்டு விட்டுருதாக. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தெனமும் நடந்தாத்தான் காலுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்லா."

நான் சிரித்து வைத்தேன். ஆமாம், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். வேறென்ன சொல்வது? பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை பொய் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் போன பிறகு தலைமை ஆசிரியையிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழி முழுக்க வீட்டுக்காரரை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கேள்விகள் அருமையாக வந்தன. டாக்டர் சொன்னது காதில் விழுந்ததா, இல்லையா? நான் வெட்டியாகவா ராத்திரி பகலாக உட்கார்ந்து பெட்டி செய்தேன்?

வாய்க்கால் கரையில் ஸ்கூட்டர் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. ரோட்டிலேயே நிறுத்திவிட்டுப் பார்த்தால், மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் துண்டு. பக்கத்தில் கம்பு. இடது காலை நேராக நீட்டி வைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தார். திரும்ப அடித்தார். காதில் வைத்துக் கேட்டார். மூன்றாவது தடவையும் அடித்தார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றி, ஒரு கையால் மதகைப் பிடித்து எழுந்து, வரப்பில் இறங்கினார்.

நான் கத்த வாயைத் திறந்தேன். வரப்பு ஒரு முழ அகலம், இரண்டு பக்கமும் சேறு. கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவார், விழுந்துவிடுவார். வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அவர் ஒரு காலை வைத்து, கம்பை வைத்து, மற்ற காலை இழுத்து வைக்கிறார். நாலு எட்டுக்கு ஒரு தடவை நிற்கிறார். நல்ல கால்களுக்குக் கால் மணி நேரம் பிடிக்கிற வழியை அவர் நடந்து முடிக்க முக்கால் மணி ஆனது. கல்யாணமான நாளிலிருந்து அவர் பின்னால் அவ்வளவு நேரம் நான் பேசாமல் போனது கிடையாது. பார்ப்பதற்கு அந்தக் காலைத் தவிர வேறொன்றும் எனக்கு இல்லை.

மோட்டார் ரூம் கதவைத் திறக்கத் திரும்பியபோதுதான் என்னைக் கண்டார். கதவிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் சொன்னார்.

"இன்னைக்கு டவர் இல்லபோல."

 பிடிபட்ட பிறகும் மனுஷன் என் பெட்டிக்குத்தான் வக்காலத்து வாங்குகிறார்.

"எத்தன நாளா?"

"புதுசு மாட்டுன மறுநாள்லேருந்து."

"ஒரு நாளாவது எடுத்துச்சா?"

"ரெண்டு மூணு தரம் எடுத்துச்சு. அன்னைக்கெல்லாம் அந்த மதகுலயே திரும்பி வந்துட்டேன். அதான் தெனமும் மொதல்ல அடிச்சுப் பாக்குதேன்."

"வீட்டுலேருந்தே அடிக்க வேண்டியதுதான?"

"கரண்டு வாரதே பன்னெண்டுக்கு மேலதான். அப்ப அடிச்சு எடுக்கலைன்னா பன்னெண்டு மணி பஸ் போயிருக்கும்லா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் பச்சைப் பட்டனை அமுக்கினார். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் திரும்பக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வாய்க்காலில் தண்ணீர் வருவதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொன்னா நான் நம்பர தப்பா அடிச்சேன்னு சொல்லுவ. பெறகு போன சரியாப் பிடிக்கலைன்னு சொல்லுவ. ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்கிட்டு இருப்ப. உங்கிட்ட சொல்லுததுக்கு இது லேசுட்டி. முக்காமணி நேரம் நடந்தா முடிஞ்சு போவும்."

எனக்குக் கோபம் வந்தது. அது என்மேல் வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் அவர்மேல்தான் வந்தது. நான் அப்படியெல்லாம் சொல்லியிருக்கவே மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நம்பரைத் தப்பாக அடித்திருப்பீர்கள் என்பதுதான் ஸ்கூட்டரில் வரும்போது நான் தயார் செய்திருந்த மூன்றாவது கேள்வி. அண்ணாச்சியைக் கூப்பிட்டு, கூட்டம் முடிந்து வந்தவருடைய பைக்கில், தூரச் சுற்றான வாய்க்கால் கரை வழியாக இவரை ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். மறுநாளிலிருந்து எங்கள் மோட்டாரையும் போட்டுவிட முடியுமா என்று அண்ணாச்சியிடம் நானே கேட்டேன். கேட்கும்போது எங்கும் அரிக்கவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனித் தாளை எடுத்து, குறுக்குக்கோடு போட்ட கட்டத்துக்குக் கீழே இருந்த வரியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். இங்கே செம்பு கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. ஆன்டெனாவை ஒட்டி எந்தப் பக்கம் செம்பு இருந்தாலும் அதன் பலம் குன்றிவிடும், டவர் பக்கத்தில் இருந்தால் சமாளித்துக்கொள்ளும், தூரத்தில் இருந்தால் ஒன்றும் கேட்காது. மின்காந்த அலைப் பாடத்தை நடத்துகிறவளுக்கு இது தெரியாமலா போகும்? தெரியும். கேள்வித்தாளில் வந்தால் ஐந்துக்கு ஐந்து எழுதியிருப்பேன். பிளேடால் கீறி, சூடு காட்டி, சுருளைச் சுற்றிப் பலகையின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இருந்த செம்பை உரித்து எடுத்தேன். கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அவ்வளவு இடத்தை நான் சும்மா விட்டிருந்தால் அவர் நடந்திருக்க வேண்டாம்.

பலகை இப்போது முதல் பலகையைவிட அசிங்கமாக இருந்தது. கொண்டுபோய் மாட்டிவிட்டுக் கிணற்றடியில் நின்றேன். அவர் வீட்டிலிருந்து அடித்தார். முதல் ரிங்கிலேயே எடுத்தது. நிறுத்திவிட்டு இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். எடுத்தது. பத்துத் தடவை அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அந்தக் குழுவில் ஒற்றை வரி எழுதினவரைத் தேடிப்பிடித்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று எழுதினேன். அதற்கும் கும்பிடு பொம்மைதான் வந்தது.

பெட்டி சரியாகிவிட்டது. கால் என்ன ஆனதென்று தெரிய வேண்டும். திருநெல்வேலிக்குக் கார் பிடித்துப் போனோம். படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். பிளேட்டில் கீழ்ப்பக்கத்து ஸ்குரூ ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது எனக்கே தெரிந்தது. எலும்பு கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை என்றார். இன்னும் இரண்டு மாதம் படுக்கையில் வைத்துப் பார்ப்போம், அப்போதும் கூடாவிட்டால் திரும்பக் கிழிப்பதைத் தவிர வழியில்லை என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரைக் கேட்டார்.

"நடந்தீங்களா?"

என் வீட்டுக்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். விடை எது என்று தெரியாத பிள்ளைகள் கரும்பலகையை விட்டுவிட்டு என்னைப் பார்க்குமே, அந்தப் பார்வை. டாக்டரும் என்னைப் பார்த்தார். இந்த அறையில் யார் பதில் சொல்வார்கள் என்று அவருக்கும் பழகிப்போயிருந்தது. எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. அவர்மேல் தப்பில்லை, என்னால்தான் என்பதில் தொடங்கி, ஆன்டெனாவில் புகுந்து, எல்லாவற்றையும் வரிசையாக, தெளிவாக, நானே அழகாகச் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து என் கைப்பையைப் பார்த்தேன்.

சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். 

"நடந்தேன் சார்" என்றார் அவர். "தெனமும் தோட்டத்துக்கு நடந்தேன்."

"வலி இருந்துச்சா?"

"மூணாவது வாரத்துலேருந்தே இருக்கு சார். ராத்திரிக்குக் குத்தும். எந்திரிச்சு ஒக்காந்துருவேன்."

அவர் பக்கத்தில், அதே கட்டிலில்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது தெரியாது.